தேய்த்தாலும் போகாத பற்கறை: எனாமலின் உள்ளமைப்பும் எங்கள் எல்லைப்புறத்துத் தண்ணீரும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தமிழக எல்லையை ஒட்டிய ஊரொன்றில் வாழும் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு வயதான அவருடைய மகளுக்கு மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளும் குறுக்காகப் பழுப்புக் கோடுகளும் இருக்கின்றன; பாற்பற்களோ பளிச்சென்று இருந்தனவாம். மாமியார் சொற்படி ஓராண்டாக உமிக்கரியால் அழுத்தித் தேய்த்தும் கறை போகவில்லை. அந்த மாமியாருக்கே ஈறை ஒட்டிய இடத்தில் பல் குழிந்து, குளிர்ந்த மோர் பட்டாலும் கூசுகிறது. நான்கு வயது மகனும் அதே ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் குடிக்கிறான். "பல்லுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? இந்தக் கறை ஏன் வெளியே வர மறுக்கிறது?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, முதலில் நேரடியான விடை. உங்கள் மகளின் பல்லில் இருப்பது பெரும்பாலும் பல்லின் மேல் ஒட்டிய அழுக்கு அன்று. அந்தப் பல் உருவான நாட்களிலேயே அதன் உட்புறத்தில் அமைந்துவிட்ட ஒரு குறை. ஆகவே தேய்ப்பதால் அது போகாது, தேயப்போவது பல்தான். நேரில் பாராமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்லுதல் முறையன்று என்றாலும், நீங்கள் சொல்லும் வெள்ளைத் திட்டு, குறுக்குக்கோடு, ஊர், தண்ணீர் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பின் மிகுதியால் வரும் பல் ஃபுளோரோசிஸ் என்றே எண்ணத் தோன்றுகிறது. நான் வேலந்தாவளம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். என் மேல் முன்பற்களிலும் இதே கோடுகள் உண்டு. பின்னாளில் பல் மருத்துவ மாணவர்களுக்கு வாய்த் திசுவியல் கற்பித்தபோதுதான், அந்தக் கோடுகள் எங்கே, எப்படி எழுதப்பட்டன என்பதை நுண்ணோக்கியின் வழியே கண்டேன். எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பல்லை நுண்ணோக்கியில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பிடுங்கிய பல்லை வைர வட்டால் நீளவாக்கில் அறுத்து, அந்தச் சீவலைச் சொரசொரப்பான கல்லிலும் பிறகு மென்மையான சாணைக்கல்லிலும் நீர்விட்டுத் தேய்த்து, அதன் வழியே செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடியும் அளவுக்கு மெலிதாக்குவது ஒன்று. பல்லைச் சில நாட்கள் அமிலத்தில் ஊறவைத்து, அதிலுள்ள தாதுவை நீக்கி, ரப்பர்போல் வளையும் மிச்சத்தை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றுவது மற்றொன்று. இரண்டாம் வழியில் செய்த சீவலைப் பார்க்கும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியைக் கேட்பார்: பல்லின் வெளிப்புறத்தை மூடும் கடினமான வெண்ணிற அடுக்கான எனாமல் எங்கே? அது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெற்றிடமே இருக்கும். எடைக்கணக்கில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுவாலான பொருள் அது. அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டால் சாயம் ஏறுவதற்குக்கூட அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் என்ற பகுதியிலும் எலும்பிலும் தாது போன பின்னும் கொலாஜன் என்ற புரத நார்வலை அப்படியே நிற்கும். எனாமலில் கொலாஜன் இல்லை, இரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை, உயிரணு ஒன்றுகூட இல்லை. அதை நீங்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

பற்சிப்பி என்று பாடநூல்கள் கூறும் இந்த எனாமல், ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்களால் ஆனது. ஒரு படிகத்தின் அகலம் ஏறத்தாழ 70 நானோமீட்டர், தடிமன் 25 நானோமீட்டர். அதாவது தலைமுடியின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தகைய படிகங்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கி அடுக்கிய கட்டுகளே எனாமல் கோல்கள். ஒவ்வொரு கோலும் 4 முதல் 5 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோமீட்டர்) அகலமுடையது. டென்டினைத் தொடும் இடத்தில் தொடங்கிப் பல்லின் மேற்பரப்பு வரை ஏறக்குறைய முழுத் தடிமனையும் கடந்து செல்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் பழைய பூட்டின் சாவித்துளை போன்ற வடிவம் தெரியும். ஒன்றின் தலை, பக்கத்து இரண்டின் வால்களுக்கிடையே பொருந்தியிருக்கும். கீழ்வரிசைப் பக்க வெட்டுப்பல் ஒன்றில் இத்தகைய கோல்கள் ஏறத்தாழ 50 லட்சம். மேல்வரிசை முதல் கடைவாய்ப்பல்லில் 1 கோடியே 20 லட்சம் அளவுக்கு.

இவை நேர்க்கோட்டில் செல்வதில்லை. டென்டினை அடுத்த பகுதியில் ஒரு கற்றை ஒரு பக்கமாகவும் அடுத்த கற்றை எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து செல்கின்றன. தேங்காய் நாரைப் பிரிபிரியாகத் திரித்துக் கயிறாக்கினால் வலு கூடுவதைப் போல, ஓரிடத்தில் தொடங்கும் விரிசல் இந்த மாறும் சாய்வுகளில் சிக்கித் திசை மாறி வலுவிழக்கிறது. முறுக்கையும் கமர்கட்டையும் அறுபது ஆண்டு கடித்தும் பல் பிளவாமல் இருப்பதற்கு எனாமலின் கடினத்தைக் காட்டிலும் இந்தப் பின்னலும், கீழே உள்ள டென்டினின் நெகிழ்வும்தான் பெரிய காரணம் என்பேன். கண்ணாடியும் கடினமானதுதான், ஆனால் ஒரு தட்டில் உடைந்துபோகும்.

இனி உங்கள் மகளின் பல்லுக்கு நேரே தொடர்புள்ள பகுதிக்கு வருகிறேன். எனாமலை ஆக்குபவை அமிலோபிளாஸ்ட் என்ற உயிரணுக்கள். ஈறுக்குள், தாடை எலும்பின் குழியில், பல்லின் உச்சிப்பக்கம் தொடங்கி, ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியை நோக்கி அவை வரிசையாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு எனாமலைப் படியவைத்துவிட்டுப் பின்னோக்கி நகர்கின்றன. அந்த ஒவ்வொரு நாளின் அடையாளமும் கோலின் மேல் மெல்லிய குறுக்குவரியாக நின்றுவிடுகிறது. இவற்றைவிட அழுத்தமான வேறொரு வரிசைக் கோடுகள் சுமார் 6 முதல் 12 நாட்களுக்கு ஒன்றாக, ஒரே ஆளின் எல்லாப் பற்களிலும் ஒரே இடைவெளியில், தோன்றுகின்றன. சுவீடன் நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் 1837-இல் இவற்றை விவரித்ததால் ரெட்சியஸ் கோடுகள் என்று பெயர் பெற்றன. இவை பல்லின் மேற்பரப்பை எட்டும் இடங்களில் மிக நுண்ணிய வரப்புகளாகத் தெரியும். புதிதாக முளைத்த முன்பல்லை வெளிச்சத்தில் சாய்த்துக் கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே அவை புலப்படுவதுண்டு.

நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தென்னைக்கு மாதம் ஒன்றாக மட்டை விழ, விழுந்த இடம் தடிமரத்தில் வளையத் தழும்பாக நிற்கிறது. கடும் வறட்சி வந்த ஆண்டில் வளர்ந்த பகுதி ஒடுங்கிப்போகும். அடுத்த ஆண்டு மழை கொட்டினாலும், மேலே வளரும் பகுதி பருக்குமே தவிர, அந்த ஒடுங்கிய இடம் மறுபடி பருப்பதில்லை. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் எந்த உயரத்தில் எந்த வறட்சி என்று பெரியவர்கள் மரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எனாமலும் இத்தகையதே. குழந்தை பிறந்த நாளின் அதிர்ச்சிகூடப் பாற்பற்களிலும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லிலும் ஓர் அழுத்தமான கோடாகப் பதிந்திருக்கும். அக்கோட்டுக்கு உட்புறம் உள்ள எனாமல் கருவறையில் உருவானது, வெளிப்புறம் உள்ளது பிறந்த பின் உருவானது. கடுங்காய்ச்சல், ஊட்டக்குறைவு போன்றவையும் இப்படியே குழியாகவோ கோடாகவோ எஞ்சுவதுண்டு.

படியவைப்பதோடு அமிலோபிளாஸ்டின் பணி முடிவதில்லை. முதலில் படியும் எனாமல் கட்டித் தயிர்போல் மென்மையானது. எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவே தாது, மற்றது அமிலோஜெனின் முதலான புரதங்களும் நீரும். அடுத்த கட்டத்தில் அதே அணுக்கள் உருமாறி, அந்தப் புரதங்களை நொதிகளால் துண்டாக்கி நீரோடு சேர்த்து உறிஞ்சி வெளியேற்றி, அந்த இடத்தில் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் செலுத்துகின்றன. மெலிந்த படிகங்கள் பருத்து ஒன்றையொன்று நெருங்குவது அப்போதுதான். இதை முதிர்ச்சிக் கட்டம் என்கிறோம். மாதங்கள், சில பற்களில் ஆண்டுகள்கூட நீளும் பணி இது. ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால் பெரிதும் கெடுவது இந்தக் கட்டம்தான். புரதம் வெளியேறுவது தாமதப்படுகிறது. உள்ளே தங்கிவிட்ட புரதம் படிகங்கள் பருப்பதற்கு இடங்கொடுப்பதில்லை. விளைவாக, மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கு நன்றாகத் தாது ஏறியும், அதற்கு உட்புறம் நுண்துளைகள் நிறைந்தும் ஒரு எனாமல் உருவாகிறது.

அந்த நுண்துளைகள்தாம் வெள்ளையாகத் தெரிகின்றன. நல்ல எனாமல் ஒளியை உள்ளே விட்டு, கீழிருக்கும் டென்டினின் இளமஞ்சள் நிறத்தையும் கலந்து காட்டும். துளைகள் நிறைந்த எனாமலில் ஒளி படிகத்துக்கும் துளைக்கும் இடையே மாறிமாறிச் சிதறி, வெண்மையாகத் திரும்பி வருகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகவும் காயக்காய வெளேரென்றும் தெரிவதற்கு என்ன காரணமோ, அதே காரணம் இங்கும். மகளின் முன்பல்லைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி இரண்டு நிமிடம் காயவிட்டுப் பாருங்கள். துளைகளில் இருந்த நீர் போய்க் காற்று நிறைவதால் திட்டுகள் முன்னைவிட வெண்மையாகத் தெரியும். மேலே ஒட்டிய கறையாக இருந்தால் அப்படி மாறாது.

பழுப்பு நிறம் அடுத்து வந்து சேர்ந்தது. இவ்வகைப் பல் முளைக்கும்போது பழுப்பாக இருப்பதில்லை. முளைத்த பின் தேநீர் முதலியவற்றின் நிறப்பொருள்கள் துளைகளுக்குள் ஊறித் தங்குவதால் ஆண்டுக்கணக்கில் நிறம் ஏறுகிறது. கோடுகள் குறுக்காக ஓடுவதும், இடப்பல்லில் இருப்பதைப் போலவே வலப்பல்லிலும் இருப்பதும் தற்செயலன்று. இருபுறத்து இணைப்பற்களும் ஒரே காலத்தில் உருவானவை. கோடுகளோ நான் முன்பு சொன்ன நுண்வரப்புகளைத் தழுவிச் செல்பவை.

பாற்பற்கள் ஏன் தப்பின என்பதற்கும் காலக்கணக்கே விடை. பால் முன்பற்களின் எனாமல் பெரும்பகுதி கருவிலேயே உருவாகி, பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் உள்ள ஃபுளோரைடு முழுவதும் குழந்தையைச் சேர்வதில்லை. தாய்ப்பாலிலோ, தாய் எந்த நீரைக் குடித்தாலும், ஃபுளோரைடு மிகமிகக் குறைவு. ஆனால் நிரந்தர முன்பற்கள் பிறந்த மூன்று நான்கு மாதத்தில் தாது ஏறத் தொடங்கி, நான்கு ஐந்து வயது வரை உருவாகின்றன. கிணற்று நீரில் கரைத்த பால்மாவு, அதே நீரில் வடித்த கஞ்சி, குடித்த நீர் யாவும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கேரளம் என்றால் கொட்டும் மழை என்று வெளியூரார் நினைப்பார்கள். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து மழைக்குறைவும் கரிசல் மண்ணும் அவர்களுக்குத் தெரியாது. ஆழத்துக் கெட்டிப்பாறையில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. துளை ஆழமாக ஆக, நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கியிருந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. இது நமக்கு மட்டும் வந்த துன்பமும் அன்று. இந்தியாவில் இந்நோயை மருத்துவ உலகம் முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பதும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பதும் இந்தியத் தர அளவு. சுவையிலோ நிறத்திலோ மணத்திலோ இது தெரியாது, சோதித்தே அறியவேண்டும். கொதிக்கவைத்தால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அளவு கூடவே செய்யும்.

இப்போது மாமியாரின் பல்லுக்கு வருவோம். அவருடைய துன்பம் எனாமலைப் பற்றியதன்று, டென்டினைப் பற்றியது. எடையில் 70 விழுக்காடு தாதுவும் 20 விழுக்காடு புரதமும் மீதி நீரும் கொண்ட இந்தப் பொருள்தான் பல்லின் பெரும்பகுதி. இதன் உள்ளே, நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழ் தொடங்கி வெளிவிளிம்பு வரை, நுண்குழல்கள் மெல்லிய வளைவோடு நெருக்கமாக ஓடுகின்றன. டச்சு நாட்டு நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த லென்சால் 1670-களிலேயே இவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பற்கூழை ஒட்டிய இடத்தில் 1 சதுர மில்லிமீட்டரில், அதாவது ஒரு கேழ்வரகு மணியின் முகப்பளவில், 45,000-க்கும் மேற்பட்ட குழல்கள் இருக்கும். அங்கே ஒவ்வொன்றின் விட்டமும் 2.5 மைக்ரோமீட்டர் அளவு. வெளிவிளிம்பில் அவை 1 மைக்ரோமீட்டருக்கு ஒடுங்கி, ஒன்றிலிருந்து ஒன்று விலகி, 20,000 அளவுக்குக் குறைகின்றன.

இந்தக் குழல்களில் ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. உள்முனையில், பற்கூழின் ஓரத்தில், ஓடன்டோபிளாஸ்ட் என்ற அணுக்கள் வரிசையாக நின்று தம் நுனியைக் குழலுக்குள் நீட்டியிருக்கின்றன. அங்கேயே நரம்பிழைகளும் உள்ளன. நரம்பு பல்லின் வெளிப்புறம் வரை வருவதில்லை. பின் எப்படிக் கூசுகிறது? குழலின் வெளிவாய் திறந்துகிடந்தால், குளிர்ச்சி பட்டதும் உள்ளிருக்கும் திரவம் சுருங்கி வெளிப்புறமாக நகர்கிறது. அந்த இழுப்பை உள்முனை நரம்பு வலியாக உணர்கிறது. சுவீடனின் பல் ஆய்வாளர் பிரன்ஸ்ட்ரம் 1960-களில் சோதனைகளோடு நிலைநாட்டிய இந்த விளக்கமே இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. குளிர்ந்த மோரும், வேகமாக இழுக்கும் மூச்சும், இனிப்பும் ஒரே மாதிரிக் கூச்சத்தைத் தருவதன் காரணமும் இதுதான்.

குழல்வாய் திறந்தது எப்படி என்பதற்குக் கழுத்துப் பகுதியைப் பார்க்கவேண்டும். எனாமல் அங்கே கத்திமுனைபோல் மெலிந்து முடிகிறது. வேரை மூடும் சிமென்டம் அங்கே தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பத்தில் ஒரு பங்கு பற்களில் இவ்விரண்டும் தொடுவதே இல்லை. இடையே டென்டின் வெறுமையாகக் கிடக்கிறது. ஈறு இறங்கியபின் அந்த இடத்தில் உமிக்கரியைப் போட்டுக் குறுக்காக அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? நெல்லின் உமியில் சிலிக்கா மிகுதி. கரியாக்கினாலும் சிலிக்கா எரிந்துபோவதில்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் எனாமல் 5, டென்டின் 3 அளவே. சிமென்டம் முதலில் தேய்ந்து, பிறகு டென்டின் ஆப்பு வடிவில் குழிகிறது. செங்கல்பொடி இதைவிடக் கொடியது. அதில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. முன்னோர் வழக்கத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. பொடியும் பேஸ்ட்டும் கைக்கெட்டாத காலத்தில் வாயைச் சுத்தமாக வைத்திருக்க உமிக்கரி உதவியது உண்மை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றவர்கள் மெல்லும் குச்சியைச் சொன்னார்களேயன்றி அரைக்கும் பொடியைச் சொல்லவில்லை.

ஆயினும் டென்டினுக்கு எனாமலுக்கு இல்லாத ஒரு நற்பேறு உண்டு. அமிலோபிளாஸ்டுகள் பல் முளைக்கும்போதே உதிர்ந்து அழிந்துவிடுகின்றன. ஓடன்டோபிளாஸ்டுகளோ பல் உயிரோடு இருக்கும்வரை உள்ளே நின்று பணி செய்கின்றன. தேய்மானம் மெதுவாக வந்தால் குழல்களைத் தாதுவால் அடைத்தும், உட்புறத்தில் புது டென்டினைப் படியவைத்தும் காத்துக்கொள்கின்றன. குழல் முழுதும் அடைபடவேண்டும் என்பதுகூட இல்லை. குழல்வாயின் விட்டம் பாதியானால் திரவத்தின் ஓட்டம் பதினாறில் ஒன்றாகக் குறைந்துவிடும். மாமியார் உமிக்கரியை விட்டு, மென்மையான பிரஷுக்கு மாறி, கூச்சத்துக்கென விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டைச் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் பெரும்பாலும் தணியும். குழி ஆழமானதென்றால் மருத்துவர் அதை நிரப்பிவிடலாம்.

மகளுக்கு என்ன செய்யலாம்? குறை பெரும்பாலும் மேலடுக்கை ஒட்டியே இருப்பதால், லேசான கோடுகளுக்கு மருத்துவர் அமிலமும் மென்பொடியும் கலந்த பசையால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு எனாமலை நீக்கிச் சமன்செய்வது உண்டு; நுண்துளைகளுக்குள் பிசினை ஊறவைத்து ஒளிச்சிதறலைக் குறைப்பதும் உண்டு. கறை ஆழமானால் பல்நிறப் பிசினால் மூடலாம். முன்பல்லின் முகப்பில் எனாமல் 1 மில்லிமீட்டர் அளவே என்பதால், இவற்றைத் தேர்ந்த மருத்துவர் அளவறிந்து செய்யவேண்டும். கடையில் வாங்கும் வெண்மைப்பொடியால் முயலவேண்டாம். ஃபுளோரைடு பேஸ்ட்டைக் கண்டு அவள் அஞ்சவேண்டியதில்லை. அவளுடைய வெளித்தெரியும் பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிட்டது. முளைத்த பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு படும் ஃபுளோரைடு, சொத்தை அமிலத்தில் எளிதில் கரையாத படிகத்தை ஆக்கித் தருகிறது.

என் கவலையெல்லாம் சிறுவனைப் பற்றியது. நான்கு வயதில் அவனுடைய நிரந்தர முன்பற்களின் மகுடம், அதாவது ஈறுக்கு வெளியே தெரியப்போகும் பகுதி, ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆனால் கோரைப்பற்கள் ஆறு ஏழு வயது வரையும், முன்கடைவாய்ப்பற்கள் அதே வயதை ஒட்டியும், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் ஏழு எட்டு வயது வரையும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அவனுக்கு பேஸ்ட் ஒரு பட்டாணியளவு போதும், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். பால், கேழ்வரகு, கீரை என்று கால்சியம் உள்ள உணவைக் கூட்டுங்கள். தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு என்பதால் தேநீர் கொடுக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் ஃபுளோரைடு அளவைப் பாருங்கள். அளவு மிகுந்திருந்தால் குளிக்கவும் துவைக்கவும் அந்நீரே போதும். அவன் குடிக்கும் நீரையும் அவனுக்குச் சமைக்கும் நீரையும் மட்டும், ஆற்றுநீர்க் குழாயிலிருந்தோ எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) வடிகட்டியிலிருந்தோ மழைநீர்த் தொட்டியிலிருந்தோ, இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அவன் எட்டு வயதைத் தாண்டும்வரை அது தவறாமல் நடக்கட்டும்.